செஞ்சோற்றுக் கடன் யாருடைய கடன்?

உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுப்பது பெருமை என்று நாம் காலங்காலமாகக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். சோறிட்டவன் அந்த உயிருக்கு என்ன கடன்பட்டான் என்று கேட்டு வளர்ந்தவர் நம்முள் மிகச் சிலரே. முன்னதை அறம் என்கிறோம். பின்னதைக் கேட்பவனை நன்றி கொன்றவன் என்கிறோம். இந்த ஒருதலை வழக்கை 1966-ஆம் ஆண்டு ஒரு ஜப்பானியத் திரைப்படம் மன்றத்தில் நிறுத்தியது. அடியாள் கூட்டங்களைப் பற்றிய படம் அது. 83 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் படம். பெரியோர் பலர் பெயர் கேட்டதுமே முகஞ்சுளிக்கும் வகையைச் சேர்ந்த படம். பெயர் ‘டோக்கியோ நகரெமோனோ’. ஆங்கிலப் பெயரால் ‘டோக்கியோ டிரிஃப்டர்’ என உலகம் அறியும். ‘நகரெமோனோ’ என்னும் சொல், நீரைப் போல் ஓரிடத்தும் நில்லாது ஒழுகிச் செல்பவனைக் குறிக்கும். இயக்கியவர் செய்ஜுன் சுசுகி. தயாரித்தது நிக்கட்சு நிறுவனம்.

அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் இப்படத்தை 1999-இல் டிவிடியாகவும் 2011-இல் புளூரேத் தட்டாகவும் வெளியிட்டது. அன்று முதல் இது வீட்டுக்கூடத்தில் அமர்ந்து காணத்தக்க படமாயிற்று. வீட்டுக்குள் வந்ததும் இதைப் பற்றி இரண்டு தீர்ப்புகளும் கூடவே வந்தன. ‘அடியாள் படம் குடும்பத்துக்கு ஆகாது’ என்பது அறங்காப்போர் தீர்ப்பு. ‘என்ன வண்ணம், என்ன ஒயில்! கதை கிடக்கட்டும், கண்ணுக்கு விருந்து’ என்பது அழகுகாப்போர் தீர்ப்பு. இரண்டும் பிழை என்பதே நம் வாதம். முன்னவர் படத்தைப் பாராமலே தள்ளுகிறார். பின்னவர் பார்த்தும் காணாமல் போற்றுகிறார். இருவருள் பின்னவரால் விளையும் கேடே பெரிது என்றும் சொல்வோம்.

கதை

முதலில் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுவது முறை.

குராடா என்பவர் ஓர் அடியாள் கூட்டத் தலைவர். பழைய தொழிலை விட்டு நேர்மையாகப் பிழைக்க எண்ணிக் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறார். அவருடைய தொண்டன் டெட்சு. ‘அழியாப் பறவை’ என்பது அவனுக்குப் பட்டப்பெயர். தந்தையைப் போல் தலைவரை எண்ணுகிறவன். தலைவர் ஆயுதத்தை விடு என்றதும் விட்டவன். எதிர்க்கூட்டத்துத் தலைவன் ஒட்சுகாவின் ஆட்கள் அவனை அடித்து நொறுக்குகிறார்கள். அவன் கை ஓங்கவில்லை. ஓங்கத் தெரியாமலன்று, ஓங்காதே என்று ஆணை. இந்தக் காட்சியில்தான் படமே தொடங்குகிறது.

ஒட்சுகா கண்வைப்பது ஒரு கட்டடத்தின் மீது. கடனும் அடகும் பத்திரமுமாகச் சிக்கல் முற்றுகிறது. கொலையும் நேர்கிறது. தலைவருக்குத் தன்னால் இடர் வரக்கூடாதென்று டெட்சு டோக்கியோவை விட்டு நீங்குகிறான். வடக்கே பனிநாட்டுக்குப் போகிறான். பின் தெற்கே கியூஷுத் தீவின் சசெபோ துறைமுகத்துக்குப் போகிறான். போகுமிடமெல்லாம் கொலையாளி பின்தொடர்கிறான். வழியில் கென்ஜி என்பவன் அவனைக் காப்பாற்றுகிறான். அவனும் முன்னொரு தலைவனை நம்பி வெளியேறியவன். தலைவர்களை நம்பாதே என்று அவன் சொல்லும் அறிவுரையை டெட்சு காதில் போட்டுக்கொள்வதில்லை. உலகம் பொய்க்கலாம், குராடா பொய்க்கமாட்டார் என்பது அவன் கொள்கை.

குராடா பொய்க்கிறார். தம் நிலத்தையும் தொழிலையும் காத்துக்கொள்ள ஒட்சுகாவோடு கைகோத்து, டெட்சுவைத் தீர்த்துவிட இசைகிறார். மகனே என்று அழைத்த வாயால் இசைகிறார். செய்தி அறிந்த டெட்சு திரும்பி வருகிறான். வெள்ளை வெளேரென்ற ஒரு நடன மண்டபத்தில் இறுதி மோதல் நிகழ்கிறது. குராடா தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கிறார். காத்திருந்த காதலி சிஹாருவையும் விட்டு, ஒழுகிச் செல்பவனுக்குத் துணை ஆகாது என்று சொல்லி டெட்சு தனியே நடந்துவிடுகிறான்.

இவ்வளவே கதை. இதில் எந்த இடத்தில் குற்றத்தொழில் புகழப்படுகிறது என்று அறங்காப்போரைக் கேட்கிறோம். இதில் எந்த இடம் பொருளற்ற வெறும் அலங்காரம் என்று அழகுகாப்போரைக் கேட்கிறோம்.

அறங்காப்போருக்கு

அடியாளின் வாழ்வை எழுதுவது அடியாளைப் போற்றுவதாகாது. சூதாடித் தோற்ற மன்னரைப் பாடிய காப்பியத்தைச் சூதுக்குப் பரிந்துரை என்று எவரும் கொள்வதில்லை. கோவலன் மாதவியிடம் பொருளைத் தொலைத்ததைச் சொல்லும் காப்பியத்தை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்திருக்கிறோம். காப்பியத்துக்குத் தரும் நியாயத்தைத் திரைப்படத்துக்கு மறுப்பானேன்?

உண்மையில் அறங்காப்போர் அஞ்ச வேண்டிய படங்கள் வேறு இருந்தன. 1963 முதல் ஜப்பானின் டோயி நிறுவனம் ‘நின்கியோ’ என்னும் வீரவிசுவாசப் படங்களை வரிசையாக எடுத்துக் குவித்தது. கோஜி சுருட்டாவும் கென் தக்காகுராவும் அவற்றின் நாயகர்கள். அந்தப் படங்களில் ‘கிரி’ என்னும் கடப்பாடும் ‘நின்ஜோ’ என்னும் மனித உணர்வும் மோதும். இறுதியில் நாயகன் கடப்பாட்டுக்காக வாளேந்திச் சென்று மடிவான், அல்லது சிறை புகுவான். மக்கள் கண்ணீரோடு கைதட்டினர். அந்தப் படங்கள் நாகரிகமானவை, ஒழுக்கமானவை, பெரியோர் மெச்சத்தக்கவை. ஆனால் அவை கற்பித்தது என்ன? தலைவன் ஆணையிட்டால் கேள்வி கேளாதே என்பதைத்தானே! கத்தியின் கூர்மையைக் காட்டிலும் அந்தப் பாடம் ஆபத்தானது.

சுசுகியின் படம் அந்த வழக்கத்தின் எல்லா அடையாளங்களையும் எடுத்துக்கொண்டது. விசுவாசமுள்ள தொண்டன், நரைத்த தலைவர், காத்திருக்கும் பெண், தனிவழி, சோகப் பாட்டு எல்லாம் அங்கும் உண்டு. எடுத்துக்கொண்டு முடிவை மட்டும் திருப்பியது. தலைவருக்காக இறப்பதே பெருமை என்ற இடத்தில், அந்தத் தலைவர் அதற்குத் தகுதியானவரா என்று கேட்டது. அடியாள் உலகின் மானமும் விசுவாசமும் பொய்வேடம் என்று கின்ஜி ஃபுக்கசாக்கு 1973-இல் படமெடுத்தபோது உலகமே அதிர்ந்ததாகச் சொல்வர். அதற்கு ஏழாண்டு முன்னரே, பாட்டும் வண்ணமுமாக, சிரித்த முகத்தோடு, சுசுகி அதைச் சொல்லிவிட்டார்.

நமக்கும் இது அயலான செய்தியன்று. கும்பகருணன் தன்னை வளர்த்த அண்ணனுக்காக, தோல்வி உறுதியென்று அறிந்தும் களம் புகுந்தான். கர்ணன் துரியோதனனுக்காகத் தம்பியரை எதிர்த்தான். 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ படத்தைக் கண்டு அழாத தமிழர் குறைவு. அந்தக் கண்ணீரை நாம் இழிவாகப் பேசவில்லை. ஆனால் நம் இலக்கியம் அந்த ஒரு பக்கத்தோடு நின்றுவிடவில்லை என்பதை நினைவூட்டுகிறோம். செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஆள்வோனுக்கு இறைமாட்சி, செங்கோன்மை, கொடுங்கோன்மை என்று அடுக்கடுக்காக அதிகாரம் வகுத்தார். தன் கோல் வளைந்ததென்று அறிந்த நொடியே பாண்டியன் உயிர் விட்டான். கீழிருப்போனுக்கு ஒரு கடன் என்றால் மேலிருப்போனுக்குப் பல கடன் என்பதே நம் முன்னோர் கணக்கு. பிற்காலத்தில் நாம் ஒரு பக்கத்தை உருப்போட்டு மறுபக்கத்தை மறந்துவிட்டோம்.

இங்கே பாண்டியனையும் குராடாவையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இருவரும் இறக்கிறார்கள். பாண்டியன் இறந்தது நீதி பிழைத்ததனால். குராடா இறப்பது சூழ்ச்சி பிழைத்ததனால். முன்னவன் சாவு கடன் தீர்த்த சாவு. பின்னவர் சாவு கடன்காரரின் ஓட்டம். இந்த வேறுபாட்டைத் தம் பிள்ளைகளுக்கு விளக்கத் தெரிந்த பெற்றோர் இப்படத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அழகுகாப்போருக்கு

இனி அழகுகாப்போரிடம் வருவோம். இவர்கள் நண்பர்கள், ஆகையால் கூடுதலாகக் கடிந்துகொள்ளலாம்.

வெளிர்நீல உடுப்பு அணிந்த நாயகன், மஞ்சள் சுவர், வெண்பனி, வெள்ளை மண்டபம் என்று இவர்கள் பட்டியலிடுகிறார்கள். கலை இயக்குநர் தக்கேயோ கிமுராவையும் ஒளிப்பதிவாளர் ஷிகெயோஷி மினேயையும் பாராட்டுகிறார்கள். பாராட்டு தகும். ஆனால் ‘பொருளில்லை, நடையே உண்டு’ என்று முடிக்கிறார்களே, அது பாராட்டன்று. பாராட்டின் உருவில் வந்த இழிப்பு. செய்யுளின் ஓசையைப் புகழ்ந்துவிட்டு, பாவம், பொருள்தான் இல்லை என்று சொன்னால் புலவன் மகிழ்வானா?

படம் கறுப்பு வெள்ளையில் தொடங்குகிறது. அதுவும் நடுச்சாயல் இல்லாத கடுமையான கறுப்பு, கடுமையான வெள்ளை. டெட்சு அடி வாங்கும் காட்சி அது. தலைவர் சொன்னது நன்மை, மற்றது தீமை என்று இரண்டே நிறம் காணும் கண் அவனுடையது. அவன் உலகம் அப்படித்தான் இருக்கும். பிறகு வண்ணம் வெள்ளமாக வருகிறது. வண்ணம் வந்தபின் எதுவும் நிலையாக இல்லை. இடத்துக்கு இடம் நிறம் மாறுகிறது, ஆளுக்கு ஆள் நியாயம் மாறுகிறது. மாறாதவன் அந்த நீல உடுப்புக்காரன் ஒருவனே. வெண்பனிப் பரப்பில் அந்த நீலம் நடந்து போகும்போது அது எவ்வளவு அழகோ அவ்வளவு பேதைமையாகவும் தெரிகிறது. தன்னைக் கொல்லத் தேடுவோர் நடுவே, காத தூரத்திலிருந்தே கண்ணில் படும் உடுப்பை அணிந்து திரிபவனை என்னென்பது? அவன் ஒளிந்துகொள்ளக்கூடக் கற்றவனில்லை. விசுவாசத்தின் வெகுளித்தனத்தை இதைவிட எளிமையாக எந்த வசனத்தால் சொல்ல முடியும்?

பாட்டையும் பாருங்கள். இப்படம் ஒரு பாட்டையும் டெட்சுயா வாட்டாரி என்னும் புதுமுக நடிகரையும் விளம்பரப்படுத்தவே திட்டமிடப்பட்டது. இசை ஹஜிமே கபுராகி. நாயகன் போகுமிடமெல்லாம் அந்த நாடோடிப் பாட்டைப் பாடிக்கொண்டே போகிறான். நிறுவனம் கேட்டது ஒரு விளம்பரப் பாட்டு. இயக்குநர் அதை மறுக்கவில்லை. மறுக்காமல், எண்ணிச் சிரிக்கும்படி அடிக்கடி ஒலிக்கவிட்டார். பாட்டைக் கேட்டே பகைவர் அவன் வரவை அறிகிறார்கள். தன் புகழைத் தானே பாடிக்கொண்டு பொறியை நோக்கி நடக்கும் மனிதனின் சித்திரமாக அந்த விளம்பரம் மாறிவிட்டது. கொடுத்த வேலையைக் கொடுத்தபடியே செய்து, அதன் உள்ளே தன் கருத்தையும் எழுதிவிடும் கைத்திறன் இது. கோப்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு இதன் அருமை மற்றவரைவிடச் சற்று அதிகமாகவே விளங்கும். வரைவு மேலதிகாரியுடையது; கையெழுத்தும் மேலதிகாரியுடையது; ஆயினும் நடுவே ஒரு சொல் எழுத்தனுடையதாக இருந்துவிடுகிறது.

சசெபோ காட்சியை வேடிக்கை என்று ஒதுக்குகிறார்கள். அமெரிக்கக் கடற்படைத் தளம் அமைந்த துறைமுகம் சசெபோ. அங்கே அமெரிக்க மேற்குக் கதைகளில் வருவது போன்ற ஒரு மதுக்கூடத்தில் மாபெரும் அடிதடி நிகழ்கிறது. மாலுமிகளும் அடியாட்களும் பெண்களும் ஒருவரை ஒருவர் புடைத்துக்கொள்கிறார்கள், நாற்காலிகள் பறக்கின்றன. யார் யாருக்காக அடிக்கிறார் என்பது எவருக்கும் தெரியாது. விசுவாசத்துக்காகச் சண்டை என்று வீரப்படங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சண்டை என்றால் இவ்வளவுதான் என்று சிரிக்கிறது அந்தக் காட்சி. போருக்குப் பின் அயலார் தளத்தின் நிழலில் வாழ்ந்த ஒரு துறைமுகத்தை அதற்கெனத் தேர்ந்தது தற்செயலாக இருக்குமா?

சுசுகி இந்தச் சிரிப்பை எங்கே கற்றார் என்பதும் நோக்கத்தக்கது. 1923-இல் டோக்கியோவில் பிறந்தவர். 1943-இல் படைக்கு அழைக்கப்பட்டு பிலிப்பைன்சிலும் தைவானிலும் இருந்தவர். கப்பல் மூழ்கியும் பிழைத்தவர். பேரரசருக்காக இறப்பதே பிறவிப்பயன் என்று ஒரு தலைமுறைக்கே போதிக்கப்பட்ட நாடு அது. போதித்தோரின் சொல்லை நம்பிய இளைஞர் கடலடியில் கிடக்க, மீண்டு வந்த ஒருவர் இருபதாண்டு கழித்து விசுவாசத்தைப் பற்றிப் படமெடுக்கிறார். அந்தப் படத்தில் வெறும் ஒயில்தான் இருக்கிறது என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

‘புரியவில்லை’ என்னும் தீர்ப்பு

மூன்றாவதாக ஒரு தீர்ப்பும் உண்டு. அது நிக்கட்சு நிறுவனத்தின் தீர்ப்பு. ஜப்பானியப் படத்தொழிலில் அக்காலத்தில் இயக்குநர் என்பவர் மாதச் சம்பளக்காரர். கதையை நிறுவனம் தரும். நடிகரை நிறுவனம் தரும். படம் பிடிக்க ஏறத்தாழ 25 நாள், தொகுத்து முடிக்க 3 நாள் என்பது சுசுகிக்கு வாய்த்த வழக்கமான கணக்கு. 1956-க்கும் 1967-க்கும் இடையில் அவர் ஏறத்தாழ 40 படங்களை இப்படி முடித்துக்கொடுத்தார். நாள் தவறவில்லை, வேலையில் குறை வைக்கவில்லை. ஆயினும் மேலிடத்துக்கு அவர் போக்குப் பிடிக்கவில்லை. ‘டோக்கியோ டிரிஃப்டர்’ படத்தின் முடிவில் அவர் ஒரு பச்சை நிலாவை வைத்தார். நிறுவனம் அம்முடிவை மாற்றி எடுக்கச் செய்தது. அடுத்து அவர் எடுத்த இரண்டு படங்களும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றுள் இரண்டாவது, 1967 சூனில் வெளியான ‘பிராண்டட் டு கில்’. கொலைத்தொழிலில் மூன்றாமிடம் வகிக்கும் ஒருவன் முதலிடத்தை எட்டத் துடித்து அழிவதைச் சொல்வது அது. சோறு கொதிக்கும் மணத்துக்கு ஏங்கும் கொலையாளி. குறிபார்க்கும் வேளையில் துப்பாக்கியில் வந்தமரும் ஒரு வண்ணத்துப்பூச்சி. அதனால் குறி தப்புகிறது, வாழ்வும் தப்புகிறது. அடியாளையும் படிநிலை ஏறத் துடிக்கும் ஊழியனாகக் காட்டிய படம் அது.

1968 ஏப்பிரலில் சுசுகிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அம்மாதச் சம்பளம் வராது என்று அலுவலகச் செயலர் சொன்னார். அவ்வளவே பணிநீக்க ஆணை. நிறுவனத் தலைவர் கியூசாகு ஹோரி சொன்ன காரணம், இவர் படங்கள் புரிவதில்லை, பணமும் வருவதில்லை என்பது. அச்சமயம் கசுகோ கவாகிதா தலைமையிலான ஒரு திரைப்பட ஆய்வுக் குழு சுசுகியின் 37 படங்களைத் தொடர்ந்து திரையிட ஏற்பாடு செய்திருந்தது. படச்சுருள்களைத் தரமாட்டோம் என்று ஹோரி மறுத்துவிட்டார்.

இந்திய அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவை அறிந்த அரசு ஊழியர் எவரும் இதைப் படித்துப் பதறாமல் இரார். குற்றச்சாட்டைத் தெரிவிக்காமலும், மறுமொழி கூறத் தக்க வாய்ப்பளிக்காமலும் ஒருவரைப் பணியிலிருந்து விலக்கக்கூடாது என்பது நமக்கு வாய்த்த காப்பு. சுசுகிக்கு அந்தக் காப்பு இல்லை. பன்னிரண்டாண்டு உழைப்புக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. தாம் எடுத்த படத்தின் குராடா, தாம் உழைத்த நிறுவனத்தின் தலைமை நாற்காலியிலேயே அமர்ந்திருந்ததை அவர் அன்று கண்டிருப்பார்.

டெட்சு துப்பாக்கி எடுத்தான். சுசுகி வழக்குத் தொடுத்தார். மாணவரும் திரைக்கலைஞரும் திரண்டு அவர் பக்கம் நின்றனர். 1971 திசம்பரில் சமரசம் ஏற்பட்டது. கேட்ட 73 இலட்சத்து 80 ஆயிரம் யென்னில் கிடைத்தது 10 இலட்சம் யென். ஹோரி தம் சொல்லுக்கு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. இரண்டு படங்களின் சுருள்கள் டோக்கியோ தேசிய நவீனக்கலை அருங்காட்சியகத்தின் திரைப்பட மையத்துக்கு அளிக்கப்பட்டன. வென்றும் என்ன? வேறு நிறுவனம் எதுவும் அவருக்கு வேலை தரவில்லை. பத்தாண்டு கழித்து 1977-இல்தான் மறுபடியும் திரைப்படம் எடுத்தார். 1980-இல் எடுத்த ‘சிகோய்னர்வைசன்’ ஜப்பானில் பெரும் பரிசுகளை வென்றது. 1981-இல் பெர்லின் விழாவிலும் சிறப்பு பெற்றது. புரியாத படம், பணம் தராத படம் என்று பழித்த நிறுவனமோ, 1971-இல் தொழில் நொடித்து, பாலுணர்ச்சிப் படங்களை மலிவாக எடுத்து விற்கும் நிலைக்கு இறங்கியது. புரியும் படங்களும் காப்பாற்றவில்லை போலும்!

‘புரியவில்லை’ என்பது படிப்பவன் தன்னைப் பற்றிச் சொல்லும் செய்தி; படைப்பைப் பற்றிய தீர்ப்பன்று. சங்கப் பாட்டு முதல் வாசிப்பில் புரிவதில்லை, உரை தேடுகிறோம். அந்தப் பொறுமையை ஏட்டுக்குத் தந்து திரைக்கு மறுப்பது முறையன்று. அதிகாரம் உள்ளவன் வாயிலிருந்து வரும்போது ‘புரியவில்லை’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் சேர்ந்துகொள்கிறது. நன்றாகப் புரிந்துவிட்டது, அதனால்தான் பிடிக்கவில்லை என்பது அது.

ஒப்புக்கொள்ள வேண்டியவை

எதிர்வாதத்தில் உண்மை உள்ள இடத்தை மறைப்பது நேர்மையாகாது. இப்படத்தில் சிஹாருவுக்குப் பாடுவதும் காத்திருப்பதும் தவிர வேறு வேலையில்லை. சியேகோ மட்சுபாரா நன்றாகவே நடித்திருக்கிறார். எழுதியவர் யசுனோரி கவாவுச்சி அவருக்கு ஒரு மனம் இருப்பதாக எண்ணவேயில்லை. தலைவனுக்காகத் தொண்டன் பலியாவதைக் கண்டிக்கும் படம், நாயகனுக்காகப் பெண் பலியாவதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. ஒருதலைக் கடனைப் பற்றிப் பேசவந்த படத்துக்கே இது ஒரு கடன் பாக்கி. டெட்சு போனபின் அவள் என்ன செய்தாள் என்று நம் வீட்டுப் பெண்மக்கள் கேட்டால், விடை சொல்லப் படத்தில் ஒன்றுமில்லை. கேள்வியை மட்டும் நாம் போற்ற வேண்டும்.

கொலைகளும் உண்டு. சுசுகியின் வேறு சில படங்கள், எடுத்துக்காட்டாக 1964-இல் வந்த ‘கேட் ஆஃப் ஃபிளெஷ்’, சிறுவர் காணத்தக்கன அல்ல. ‘பிராண்டட் டு கில்’ படமும் அத்தகையதே. தட்டு வீட்டுக்குள் வந்துவிட்டதாலேயே எல்லாம் எல்லார்க்கும் என்று நாம் கூறவில்லை. வயது அறிந்து, உடனிருந்து காட்டுவது பெற்றோர் கடமை.

வீட்டுக்கூடத்தின் உரிமை

இவ்வளவையும் சங்க மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்தவர்கள் நாம். மாற்றல் ஆணை வந்தால் பெட்டியைக் கட்டுகிறோம். பிள்ளையின் பள்ளியை மாற்றுகிறோம். நம்முள் பலருடைய பிள்ளைகள் தனியார் நிறுவனங்களில் வேலைக்குப் போகிறார்கள். அங்கே 311-ஆம் பிரிவு இல்லை. ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று நிறுவனம் சொல்லும். இரவு பகலாக உழை என்று கேட்கும். ஒருநாள் கணக்கு ஒத்துவரவில்லையென்றால் ஒரு மின்னஞ்சலில் உறவை முடிக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே’ என்று சொல்லி அனுப்புகிறோம். நல்ல பாடம், பாதிப் பாடம். உண்பித்த வீடு உனக்கு இரண்டகம் செய்தால் என்ன செய்வாய் என்னும் மறுபாதியை யார் சொல்வது? செய்யும் தொழிலில் நேர்மை, உடன் உழைப்போரிடம் அன்பு, தலைமையிடம் கண்மூடாத மதிப்பு, அநீதி நேர்ந்தால் முறையான வழக்கு என்று சுசுகியின் வாழ்வும் படமும் சேர்ந்து அந்த மறுபாதியைச் சொல்கின்றன.

ஹோரி தம் அலமாரியில் பூட்டிவைக்க நினைத்த படைப்பாளியின் படங்கள், இன்று உலகின் எந்த மூலையிலுள்ள வீட்டுக்கூடத்துக்கும் வந்து சேர்கின்றன. அன்று 37 படங்களுக்கும் ஒருவர் ‘இல்லை’ என்றால் இல்லைதான். வீட்டில் காணும் தட்டு அந்த ஒற்றைச் சாவியை உடைத்தது. சுசுகி 2017 பிப்பிரவரியில் தம் 93-ஆம் வயதில் மறைந்தார். தம்மைத் துரத்தியவரின் தீர்ப்பு தோற்றதைப் பார்த்துவிட்டே மறைந்தார்.

இப்படத்தைக் காணும் வீட்டாருக்கு மூன்று வேண்டுகோள். அகன்ற திரைக்கென எடுக்கப்பட்ட படம் இது. தொலைக்காட்சியில் பக்கங்களை வெட்டிப் பெரிதாக்கிக் காணாதீர்கள், மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். ஆங்கில வாசகங்களைப் படிக்க முடியாத முதியவர் இருந்தால், பிள்ளைகளே உடனுக்குடன் தமிழில் சொல்லட்டும். அதைவிட நல்ல தமிழ்ப் பயிற்சி அயலூரில் கிடைப்பது அரிது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு எழுந்து போய்விடாமல், குராடா செய்தது சரியா, டெட்சு முன்னரே விழித்திருக்க வேண்டாவா, சிஹாரு என்ன பிழை செய்தாள் என்று கால்மணி நேரம் வாதிடுங்கள். சங்க நூலகமும் தன் அலமாரியில் இப்படிப்பட்ட தட்டுகளுக்கு ஒரு தட்டு ஒதுக்க வேண்டும். அதற்கான செலவு, ஒரு பொன்னாடைப் பட்டியலைச் சற்றே குறைத்தால் வந்துவிடும்.

செஞ்சோற்றுக் கடனை மறக்கச் சொல்லவில்லை. அது இரு கை எழுதும் பத்திரம் என்கிறோம். ஒரு கை மட்டும் கையெழுத்திட்ட பத்திரத்தை எந்த அலுவலகமும் ஏற்பதில்லை. அறம் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?